முகத்துவாரத்துக்கு இன்னும் நாலு விரல்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி அறுபது எழுபது வருஷம் ஆகியிருந்த காலம். பவுனம்மாளுக்கு அப்போது நாற்பது வயது. நாற்பது வயதுப் பெண்பிள்ளை ஏரிக்கரையில் குந்திக்கொண்டு, மணலில் குளம் கட்டி, அதில் வாய்க்கால் கீறி, தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையில்லாத வீடு வேறு. அவள் புருஷன் சடையனே, "எங்கூட்ல ஒரே ஒரு கொயந்த, அதுக்கு நாப்பது வயசு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கீற ஆரம்பிப்பாள்.

அவர்கள் கையால் இறால் பிடிக்கிற குடி. ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்படுவதைப் பறியில் போடுவார்கள். வலை கிடையாது, ஓடம் கிடையாது, பாடும் கிடையாது. பாடு என்பது வலைக்காரர்களின் முறை. ஏரியை இடம் இடமாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று வைத்திருந்தார்கள். முதல் பாட்டுக்காரன் இறங்காமல் அடுத்தவன் காலை நனைக்க மாட்டான். தலையே போனாலும் அந்த வழக்கம் மட்டும் போகாது.

பவுனம்மாளைப் பிடித்து ஆட்டிய கேள்வி முகத்துவாரத்தைப் பற்றியது. ஏரியும் கடலும் சேருகிற அந்த வாயை அலை கொண்டுவரும் மணல் அவ்வப்போது மூடிவிடும். மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது; ஏரி மலடாகிவிடும். மழைக்காலத்தில் ஏரி நிறைந்ததும் ஊரே கூடி மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். ஒரு வருஷம் மூன்று பேர் மண்வெட்டியோடு போய்க் கீறிவிட்டு வந்தார்கள். அது நாலு வருஷம் திறந்தே கிடந்தது. இன்னொரு வருஷம் முந்நூறு பேர் இடுப்பாழம் வெட்டினார்கள், வாரத்துக்குள் மூடிக்கொண்டது. ஏன்? அம்மன் கோபம் என்றார்கள், தீட்டு என்றார்கள், நாள் சரியில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அம்மன் மூன்று பேருக்கு இரங்கி முந்நூறு பேர் மேல் ஏன் கோபப்பட வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை.

துறையில் ஒரு பழைய பனங்கட்டை நட்டிருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, முகத்துவாரம் வெட்டுகிற அன்று ஏரித் தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அந்த மட்டத்தில் அவள் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு வைப்பாள். எதற்கு என்று அவளுக்கே அப்போது தெரியாது. இருபது வருஷத்தில் ஒன்பது வெட்டுகள் சேர்ந்தன. மேலே இருந்த வெட்டுகளெல்லாம் திறந்து நிலைத்த வருஷங்கள். கீழே இருந்தவையெல்லாம் மூடிக்கொண்ட வருஷங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் அகலம் வெறுமையாகக் கிடந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மேலே இருந்தும் மூடிப்போன ஒரு வருஷம். அதைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்து, அன்றைக்குக் கடல் ஏற்றத்தில் இருந்தபோது வெட்டினார்கள் என்பது நினைவுக்கு வந்ததும், தண்ணீரில் இருப்பதை மறந்து கத்திவிட்டாள். பல்லிலிருந்து பறி விழுந்து அன்றைய இறாலெல்லாம் போயிற்று.

அதற்கப்புறம்தான் மணல் குளங்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் மண்ணை அரிக்கிறது. அரித்தால் பள்ளம் ஆழமாகிறது. ஆழமானால் இன்னும் வேகம். மெதுவாக ஓடினாலோ மண் தங்குகிறது; தங்கினால் ஓட்டம் இன்னும் மெதுவாகிறது. ஒரே குளம், ஒரே கீறல். ஒரு கை தண்ணீர் குறைந்தால் மூடிக்கொள்ளும், அதே ஒரு கை கூடினால் கரையையே உடைத்துக்கொண்டு போகும். பாதி திறந்து பாதி மூடி நிற்க வைக்க ஒரு மாதம் பாடுபட்டாள். ஒருமுறைகூட நிற்கவில்லை. நடுவில் நிற்பது என்று ஒன்று அதற்குக் கிடையவே கிடையாது என்று கண்டபோது, அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் முகத்துவாரம் மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாள் முழுக்கத் துழாவினாலும் பறியின் அடி மறையாது. பஞ்சத்தை மோப்பம் பிடித்துத் தரகர்கள் வந்தார்கள். ஓர் ஆள் கப்பலேறினால் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி; கப்பல் எங்கே போகும், எப்போது திரும்பும் என்பதற்குப் பதில் இல்லை. கார்த்திகைப் பௌர்ணமிக்குள் முகத்துவாரம் திறக்காவிட்டால் தான் போய்விடுவதாகச் சடையன் தரகனிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். பவுனம்மாள் அழுதாள், சண்டை போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சாவதைவிட ஒருத்தி பிழைப்பது மேல் என்று அவன் சாதித்தான்.

ஐப்பசிக் கடைசியில் வலைக்காரர்களின் தலைவர் ஆதிகேசவன் நாட்டார் வெட்ட நாள் குறித்தார். கோட்டை ஓடங்களும் உள்ளே சிக்கிக் கிடந்ததால் அங்கிருந்தும் அவசரப்படுத்தினார்கள். பவுனம்மாள் பனங்கட்டையைப் பார்த்துவிட்டு நேரே நாட்டாரிடம் போய், இன்னும் நாலு விரல் ஏறட்டும், இப்போது வெட்டினால் மூன்றாம் நாள் மூடிவிடும், இருக்கிற தண்ணீரும் வீணாகும் என்றாள். பாடில்லாத குடியில் ஒரு பெண்பிள்ளை நாட்டாருக்கு யோசனை சொல்ல வந்ததைக் கூட்டம் ரசித்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் அவளை அனுப்பிவிட்டார். வெட்டினார்கள். தண்ணீர் பளபளவென்று ஓடியது, கிடா வெட்டினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மணல் மூடிய முகத்துவாரத்தின் குறுக்கே ஆடு நடந்து போயிற்று. ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. ஏரி மறுபடி ஏறி, குடிசைகளுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. நாட்டார் வீட்டிலும்தான். இந்த முறை அவரே தண்ணீரில் நடந்து அவளைத் தேடி வந்தார்.

"இப்ப இன்னா சொல்றே?"

"இன்னும் ரெண்டு வெரல் வேணும் நாட்டாரே. மழ நின்னாலும் ஆரணி ஆத்துத் தண்ணி நாளைக்கித்தான் வந்து சேரும். பௌர்ணமிக்கு மறுநா, மதியம் திரும்பி, கடல் நல்லா வத்துற நேரத்துல வெட்டணும்."

வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது ஊரைப் பொறுத்திருக்கச் சொல்வது லேசான காரியமா? நாட்டார் ஊரைக் கூட்டினார். பிறகு, வெட்டுகிற வேலையில் முதல் பாடு பவுனம்மாளுக்கு என்று அறிவித்தார். அவள் குடியில் யாருக்கும் எந்தக் காலத்திலும் கிடைக்காத பாடு. ஆளுக்காள் முணுமுணுத்தார்களே தவிர, அவள் கை வைக்காமல் ஒருவனும் மண்வெட்டியைத் தொடவில்லை.

பௌர்ணமி அன்று காலையில் சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு வந்தான். வெளியே கடலில் தரகனின் ஓடம் காத்திருந்தது.

"இன்னிக்கே வெட்டுமே. ஒனக்குத்தான மொத பாடு. நீ வெட்டு, நான் போவல."

அவள் பனங்கட்டைக்கு ஓடினாள். வெறுமையாய்க் கிடந்த இடத்தில் பாதிதான் நனைந்திருந்தது. விரலை வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். தண்ணீர் அவளுக்காக ஏறவில்லை. திரும்பி அவனிடம் வந்தாள்.

"ரெண்டு வெரல் கம்மியா கீதுய்யா."

"சரி. நாளைக்கி நிச்சயமா தெறக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தைக்குத்தான் அவன் காத்திருக்கிறான் என்று தோன்றியது.

"நிச்சயம்னு சொல்ல எனுக்குத் தெரியாது. இன்னிக்கி வெட்டுனா மூடிக்கும், அது தெரியும்."

சடையன் கடலைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்துகொண்டான். தரகன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓடத்தைத் தள்ளச் சொன்னான்.

மறுநாள் மதியம் தண்ணீர் நாலு விரலையும் தாண்டி நின்றது. கடல் வற்றிப் பின்வாங்கியிருந்தது. பவுனம்மாள் ஒரு முழ அகலத்துக்குக் கீறினாள். பின்னால் பாட்டு வரிசையில் மற்றவர்கள் அதை நீட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் சோம்பேறித்தனமாகத்தான் ஓடியது. கடல் பக்கத்து விளிம்பில் மண் தங்குகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். தங்கவில்லை. கரையிலிருந்து ஒரு கட்டி மணல் பொத்தென்று விழுந்து கரைந்தது. அடுத்தது விழுந்தது. நாட்டார் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிக் கத்தினார்.

அந்தி சாய்வதற்குள் ஐம்பது பேர் கை விரித்து நிற்கிற அகலத்துக்குத் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் போயிற்று. தெற்குக் கரையை அறுத்துக்கொண்டு வந்து, வெள்ளத்தால் காலியாகக் கிடந்த, கையால் இறால் பிடிக்கிற குடியின் ஆறு குடிசைகளையும் வாரிக்கொண்டது. மூன்றாவது குடிசை அவளுடையது. எங்கே போய் நிற்கும் என்று நாட்டார் கேட்டார். தெரியாது என்றாள். மணல் குளங்களில் எவ்வளவு அகலமாகும் என்று அவள் ஒருமுறைகூடப் பார்த்து வைக்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அந்த நேரத்திலேயே வந்தது, அதற்காக வெட்கப்பட்டாள்.

குடிசை போன இடத்தைப் பார்த்தபடி சடையன் பக்கத்தில் வந்து நின்றான். ஏசப்போகிறான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து நீ மட்டும் நிச்சயமா தெறக்கும்னு சொல்லியிருந்தா," என்றான் சடையன், "அது என்ன நிறுத்தி வெக்கச் சொன்ன பொய்யின்னு நெனச்சி நான் போய்ருப்பேன்."