வாசலுக்குத் தண்ணீர் வரும் வீடு

என் கணவர் சர்க்கார் மோட்டார் லாஞ்சில் எஞ்சின் டிரைவராக இருந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து அவரோடு அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்குக் கப்பலேறினேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அவர் கடலிலேயே வேலை பார்த்தார். ஆனால் கடலைப் பார்த்தது குறைவு. லாஞ்சை ஓட்டும் சாரங் மேலே நின்று மணியடிப்பார். அடியில் எஞ்சின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் அந்த மணிக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். படகுத்துறையான ஜெட்டி வந்ததும் மேலே ஏறி வந்து முகம் துடைப்பார். அப்போது கண்ணில் படுவதுதான் அவருடைய கடல். எஞ்சின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வீட்டில் நான் ஒன்று சொன்னால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். அதனால் நாங்கள் பேசுவதே குறைந்து போயிருந்தது.

ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மெயின்லேண்டில் எந்த ஊருக்குப் போகப் போகிறீர்கள் என்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். எங்கள் ஒரே மகளையும் திருநெல்வேலியில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். நானும் மனதுக்குள் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்.

"நான் ஊருக்கு வரலை, ஏளா. தண்ணிக் கரையில ஒரு வீடு பாக்கணும். வாசல்லயே ஒரு டுங்கி கட்டிப் போடணும்."

டுங்கி என்பது துடுப்பு வலிக்கிற சின்ன மரப்படகு. தீவில் எல்லோருக்கும் அதற்கு அந்தப் பேர்தான்.

"ஆயுசு பூரா போட்டுலதான இருந்தீங்க, இன்னும் எதுக்கு?" என்று கத்திக் கேட்டேன்.

"போட்டுக்குள்ள இருந்தேன்," என்றார். "மேல உக்காந்து போகணும்."

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பயம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சரி, பார்ப்போம் என்றேன்.

முதலில் திக்லிபூர் போனோம். வடக்குக் கோடிக்கு அப்போது கப்பல்தான். வழியில் ஒவ்வொரு ஜெட்டியிலும் நின்று நின்று போகும். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். காட்டு இலாகாவில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், ராமநாதபுரத்துக்காரர். கடலைப் பார்த்தபடி வீடு. சுற்றிலும் தென்னையும் பாக்கும். தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கும் கல் தெரிந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் கரைக்கு வரவில்லை.

உள்ளே அந்த மனிதரே உலை வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா எங்கே என்று நான் கேட்டேன்.

"போன மழையில போயிருச்சும்மா," என்றார். "காய்ச்சல்தான். இங்க உள்ள டாக்டர் போர்ட் பிளேர் கொண்டுபோகச் சொன்னாரு. கடல் சரியில்ல, கப்பல் வரல. வந்தப்ப ஏத்துறதுக்கு அவ உயிரோட இல்ல."

அரிசியைக் களைந்து உலையில் போட்டார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அவரு ஆசையா நிக்கிறாரு. நானும் அப்படித்தாம்மா வந்தேன். நல்லா யோசிச்சுக்குங்க," என்றார்.

திரும்பி வரும் கப்பலில் இதை என் கணவரிடம் சொன்னேன். காதோடு வாய் வைத்து, பாதியில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ரோடு இருக்கிற இடமாப் பாப்போம்," என்றார். "பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி."

அப்படித்தான் போர்ட் பிளேரிலிருந்து பஸ் போகும் சௌல்தாரிக்கு அப்பால் உள்ள அந்த வீடு அமைந்தது. வயலைத் தாண்டி, கண்டல் மரங்களுக்கு நடுவே கடல் ஒரு கிரீக்காக உள்ளே வரும் இடம். வீட்டுக்காரர் கைதிகள் காலத்திலிருந்தே தீவில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹிந்திதான் பேசுவார். மகனோடு போர்ட் பிளேரில் இருக்கப் போகிறார் என்பதால் விற்றார். நாங்கள் போனபோது தண்ணீர் வாசல்படிக்குக் கீழே வந்து தளும்பிக்கொண்டிருந்தது. தென்னையின் நிழல் அதில் ஆடியது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சரி என்று தலையாட்டினேன்.

குடி வந்த பிறகுதான் தெரிந்தது, பாதி நாள் அங்கே தண்ணீரே இருக்காது என்று. கடல் இறங்கி வற்றம் வந்தால் வாசலில் வெறும் சேறு. அழுகின நாற்றம். மணல் ஈ கடித்துக் கால் முழுக்கத் தடிப்பு. வாங்கும் முன் வற்றத்தின்போது ஒருமுறை வந்து பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் ஏற்றம் வரும் நேரத்துக்குத் தகுந்தபடி தன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் மாற்றிக்கொண்டார்.

ஒரு டுங்கி வாங்கிக் கட்டினார். தனியாகப் போய் வந்தவர் சில வாரம் கழித்து என்னையும் கூப்பிட்டார். நான் இரண்டு பக்கமும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு துடுப்பையும் வலிக்கிறவர் முதுகைப் போகிற பக்கம் காட்டி உட்கார வேண்டும். அவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. எதிரே இருக்கும் எனக்குத்தான் தெரியும்.

"நீ கையைக் காட்டு," என்றார். "வேர் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கோ, அதுக்கு எதிர்ப் பக்கம் காட்டு. போதும்."

நான் இடது கையைத் தூக்கினால் டுங்கி இடது பக்கம் திரும்பியது. வலது கையைத் தூக்கினால் வலது பக்கம். சத்தமே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், நான் மெல்லப் பேசினாலும் வாயசைவில் புரிந்துகொண்டார். எஞ்சின் பள்ளத்தில் ஒருமுறை தீப்பிடித்ததை அன்றுதான் சொன்னார். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. அவர் சொல்லவே இல்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. அந்த ஒரு வருஷம் நாங்கள் பேசியது அதற்கு முன் பேசிய மொத்தத்தையும்விட அதிகம் என்று நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலம் முடியும்போது அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பும். வயசுதானே என்றார். ஒருநாள் டுங்கியில் ஏறும்போது மணிக்கட்டைத் துண்டால் துடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். எதுக்கு என்று கேட்டேன். வேர்வையில் வழுக்குது என்றார்.

அன்றைக்கே அது நடந்தது. வற்றம் தொடங்கியிருந்தது. கிரீக் கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் கை ஒரேயடியாக உதற, துண்டு அவிழ்ந்து துடுப்பு தண்ணீரில் விழுந்தது. எட்டிப் பிடிப்பதற்குள் இழுப்பில் போய்விட்டது. டுங்கியும் வெளியே இழுபட்டது. நான் கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நல்ல காலம், ஒரு சேற்றுத் திட்டில் டுங்கி தட்டி நின்றது. சுற்றிலும் தண்ணீர் இறங்கிப் போனது. இறங்கி நடக்கலாம் என்றால் கால் இடுப்பு வரை புதையும். வெயிலில், ஈக்கடியில், ஏற்றம் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தோம். என் முந்தானையை அவர் தலையில் போட்டேன். அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அழுத்தி வைத்திருந்தார்.

"ரெண்டு மாசமாத் துடுப்புல பிடி நிக்கலை, ஏளா," என்றார். "சொன்னா வரமாட்டன்னு சொல்லலை."

ஏற்றம் வந்து டுங்கியைத் தூக்கி உள்ளே தள்ளியது. மிச்சமிருந்த துடுப்பால் ஊன்றி ஊன்றி வீடு வந்தோம்.

போர்ட் பிளேர் டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரையால் கொஞ்சம் குறையும், போகாது என்றார். எப்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிற என் கணவர் திரும்பும்போது அங்கே உட்காரவில்லை.

பக்கத்து வயல் வங்காளிக் குடும்பத்துடையது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை தினமும் காய்கறிக் கூடையோடு கிரீக்கை டுங்கியில் தாண்டுவாள். என்னைவிட இளையவள். எனக்குத் துடுப்பு வலிக்கச் சொல்லிக் கொடு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். சிரித்தாள். பிறகு என் கணவர் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து என்னைக் கூட்டிப் போனாள்.

"டர் மத், தீதி," என்பாள். பயப்படாதே அக்கா என்று. பயம் போகவில்லை. உள்ளங்கை தோலுரிந்து காய்த்தது. ஆனால் டுங்கி நான் நினைத்த பக்கம் போகக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் ஏற்றத்தில் அவரிடம் போய், "வாங்க, நான் வலிக்குதேன்," என்றேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு டுங்கியில் ஏறி எதிரே உட்கார்ந்தார். இப்போது என் முதுகு போகிற பக்கம். வழி அவருக்குத்தான் தெரியும். அவர் கையைத் தூக்கினார். அது ஆடியது. இடதா வலதா என்று எனக்குத் தெரியவில்லை. மறு கையைத் தூக்கினார். அதற்குள் அதுவும் ஆடத் தொடங்கியிருந்தது. வாயால் சொல்லப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. டுங்கி வேரில் போய் முட்டியது. நான் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடியும் முட்டியது.

"வீட்டுக்குப் போ," என்றார். அது தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் டுங்கியில் ஏறவில்லை. கட்டிலை வயல் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னார். நான் மட்டும் அவ்வப்போது அந்த வங்காளிப் பெண்ணின் கூடைகளை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போய் வந்தால் அவர் என்னைப் பார்க்கமாட்டார். அது கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படி நினைக்கவில்லை. ஆனால் என்னவென்று கேட்கவும் இல்லை. கேட்டாலும் அவர் காதில் விழாது.

மூன்றாவது மழையில் நெஞ்சில் சளி கட்டியது. ரோடு இருந்தது, பஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் படுக்கையும் கிடைத்தது. எல்லாம் இருந்தும் நாலைந்து நாள்தான் இருந்தார். மகளுக்குத் தந்தி கொடுத்தேன். அவள் கப்பல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டை அவள்தான் ஒழித்தாள். டுங்கியை நான் வங்காளிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் கப்பலில் மகள் கேட்டாள்.

"அப்பாவை அன்னைக்கே ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லாம்மா?"

வந்திருக்கலாம். வந்திருந்தாலும் கை நடுங்கியிருக்கும். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"அந்த ஒரு வருஷம் நல்லா இருந்தாரு," என்றேன்.

அலை அதிகமாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்து, எனக்கு வாந்தி வரப்போகிறது என்று நினைத்து ஒரு பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.