மூன்று கிலோ கூடிய செறியான்

அண்ணன் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு வந்தவர்களும் அவரது எடையைப் பற்றித்தான் பேசினார்கள். நன்றாக நினைவிருக்கிறது எனக்கு, அந்த ஓணம்.

அண்ணன் செறியான் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. நல்ல உயரம், ஆனால் நாற்பத்தெட்டே கிலோ. ஓணத்துக்கு நடக்கும் வடமிழுப்பில், அதாவது கயிறிழுக்கும் போட்டியில், ஓர் அணியின் ஏழு பேரின் மொத்த எடை 455 கிலோவைத் தாண்டக் கூடாது. எங்கள் அணியில் அண்ணன் எலும்பாக இருந்ததால்தான் தொண்ணூறு கிலோ பேபிச்சன் கடைசி ஆளாக வடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்க முடிந்தது. பேபிச்சன்தான் அணித்தலைவர்.

அந்த மெலிவு நோயால் வந்தது. பதினேழு வயதிலிருந்தே வயிற்றுவலி, கணையத்தில் கல். கொழுப்பைச் செரிக்கும் சாறு சுரப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. குழம்பில் தேங்காய் கொஞ்சம் கூடினாலும் மறுநாள் கழிப்பறையில் எண்ணெய் மிதக்கும், இரண்டு வாளி ஊற்றினாலும் போகாது. அந்தச் சாற்றுக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தார்கள். அண்ணன் அதை விடியுமுன் பால்வெட்டக் கிளம்பும்போது பால் சேர்க்காத கட்டன்காப்பியோடு விழுங்குவார். கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட வீட்டுக்கு வருவதோ பத்து மணிக்கு. எட்டு மாதம் ஒரு பயனும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் லிஸியம்மாதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். “சேட்டா, வெறும் வயித்துல அது எதைச் செரிக்கும்? முதல் வாய்ச் சாப்பாட்டோட ஒண்ணு, பாதியில இன்னொண்ணு.”

மூன்றே வாரம். அண்ணன் கழிப்பறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து, ஒரே வாளி போதுமாக இருந்தது என்று அண்ணியிடமும் என்னிடமும் அறிவித்தார். தட்டில் மாட்டிறைச்சி வர ஆரம்பித்தது. கன்னம் நிறைந்தது. இதை யாரும் வடமிழுப்போடு சேர்த்து யோசிக்கவில்லை, போட்டித் திடலில் அண்ணன் எடைமேடையில் ஏறும்வரை.

ஐம்பத்தொன்று. அணியின் மொத்தம் 458.

எடை பார்ப்பது முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. மாற்று ஆள் ஷிபு, சரியாக நாற்பத்தெட்டு கிலோ, பனியனை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் தன் பனியனைக் கழற்றத் தொடங்கினார். பன்னிரண்டு வருடமாக அவர் பிடித்த இடம்.

பேபிச்சன் அண்ணனின் விலாவில் விரலால் குத்திப் பார்த்தார்.

“டேய், ஏறினது கல்லா, சதையா?”

“சதைதான் சேட்டா.”

“அப்ப அதுல கால் கிலோகூட நீ குறைக்கக் கூடாது. எடை போட்டு முடியிறவரைக்கும் தண்ணி மட்டும் குடிக்காத. மிச்சத்த நாங்க உருக்கிக்கறோம். எனக்கென்ன, தொண்ணூறு இருக்கு.”

மழைக்கோட்டுகளை மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் ஆறு பேரும் ஓடினார்கள். மைதானத்தைச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணவே முடியவில்லை. ஷிபுவும் ஓரத்தில் நின்று கைதட்டினான். பேபிச்சன் கோட்டைக் கழற்றியபோது உள்ளிருந்து வேர்வை குடத்திலிருந்து கவிழ்த்ததுபோல் கொட்டியது. ஒவ்வொருவராக மேடையில் ஏறினார்கள். நடுவர் கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.

454.800.

விசில் ஊதியதும் அண்ணன் மூன்றாவது இடத்தில் குதிகாலை மண்ணில் ஊன்றினார். எதிரணி கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. நான் கத்திய கத்தில் இரண்டு நாள் குரலே வரவில்லை.