பத்து மணிக்கு யாருக்கும் காய்ச்சல் இல்லை

கொரோனா இரண்டாவது அலை அடித்த சமயம். கல்லூரியை மூடிவிட்டார்கள். சிதம்பரத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கத் தன்னார்வலர் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி, காய்ச்சல் இருந்தால் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கக் கருவி, ஒரு நோட்டு. தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஆரம்பிப்பேன்.

பத்து நாள் ஆகியும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஊரே இருமிக்கொண்டிருக்க, எங்கள் தெரு மட்டும் சுத்தம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று வேலை முடிந்து, பையைக்கூட வீட்டில் வைக்காமல் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க தெருவுல மட்டும் ஏம்மா எல்லாருக்கும் ஒம்பது மணிக்குக் காய்ச்சல் மாத்திரை வேண்டியிருக்கு? நீ பத்து மணிக்குத்தான போவ?"

புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாத்திரையின் வேகம் அடங்கட்டும் என்று மாலை வரை காத்திருந்து, அதே வீடுகளை மறுபடி தட்டினேன். மூன்றாவது வீட்டில், குமராட்சிக்கு மினிபஸ் ஓட்டும் மாமா பாயில் சுருண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு.

"அத்தை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஏன் மறைச்சீங்க?" என்று அவர் மனைவியிடம் கத்தினேன். அத்தை என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"நீ பாட்டுக்கு எழுதிட்டுப் பூடுவ. நாளைக்கு வாசல அடைச்சு மூங்கில் கட்டுவாங்க. போன மாசம் முனை வீட்டுல கட்டுனப்ப பால்காரன்கூட எட்டிப் பாக்கல. உடம்பு தேறுனதும் ஓனரு வீட்டக் காலி பண்ண சொல்லிட்டாரு. நாங்களும் வாடகைக்குத்தான இருக்கோம்? அந்த மூங்கில போட்டோ எடுத்து தெரு குரூப்புல போட்டவ நீதான?"

நான்தான். 'இந்தப் பக்கம் யாரும் போகாதீங்க' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தேன்.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "மூங்கில் கட்டலன்னா வர்றேன்."

"கட்ட விடமாட்டேன் மாமா. கெளம்புங்க."

எனக்கு என்ன அதிகாரம்? ஒன்றும் கிடையாது. சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை மூங்கிலோடு ஆட்கள் வந்தபோது அந்த வாசல்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அத்தை வெளியே வரமாட்டார், பாலும் காயும் நான் வாங்கி வைக்கிறேன், மூங்கில் மட்டும் கூடாது என்றேன். அப்பா வந்து அதட்டினார். எழுந்திருக்கவில்லை. எதிர் மாடியிலிருந்து ஒரு குரல்:

"யம்மா சமூக சேவகி! நாளைக்கு எங்களுக்கு வந்தாலும் நீயே பாப்பியா?"

"பாப்பேன். மொதல்ல அந்த ஒம்பது மணி மாத்திரைய நிறுத்துங்க!"

ஆட்களோடு வந்த சுகாதார மேற்பார்வையாளர் என்னை முறைத்தார். "யாராச்சும் வெளிய வந்தாங்கன்னா உன் வீட்டுக்கும் சேத்துக் கட்டுவேன்" என்றவர், மூங்கிலை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அடுத்த நாள் நான்கு வீடுகளில் நான் கேட்பதற்கு முன்பே காய்ச்சல் என்று சொன்னார்கள். பால் பாக்கெட் தூக்கித் தூக்கி என் கை வலித்தது. மாமா இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். அவரைக் காலி பண்ணச் சொல்ல வீட்டு ஓனர் வந்தபோது, அந்த நான்கு வீட்டாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். மனிதர் பேச்சை மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போகிறேன். உண்மையைச் சொன்னவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நேராகவே கேட்பேன். முதலில் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி என்பதால், அதை யாரிடம் கேட்கவும் எனக்குப் பயமில்லை.