திரை ஓரத்து மஞ்சள் அம்பு

செவ்வாய்க் கிரகத்தில் அக்காவுக்குத் தெரியாத சந்து கிடையாது. எங்கள் தெரு மருந்துக்கடை இடம் மாறியது மட்டும் தெரியாது. பதினொரு வருடமாக ஒரே வேலை. கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலம் அனுப்பும் படங்களைத் திரையில் விரித்து, குழி, மேடு, மண்சரிவு என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும்.

நேர் மேலிருந்து எடுத்த படத்தில் குழியும் மேடும் ஒன்றுபோலவே இருக்கும். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று தெரிந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அது மறந்துபோகாமலிருக்க, அக்காவின் அலுவலகத்தில் எல்லோரும் வெயில் வரும் பக்கத்துத் திரை ஓரத்தில் மஞ்சள் காகித அம்பு ஒன்றை ஒட்டிவைத்திருப்பார்கள்.

அன்று மதியம் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக அவள் அறைக்குப் போனேன். மேசையில் ஆறிப்போன தேநீர், கண் சொட்டுமருந்து. நானூற்றுப் பன்னிரண்டு மேடுகளின் பட்டியல் முடிந்திருந்தது. ஐந்து மாத உழைப்பு. அதைக் கொடுத்ததும் வேறு பிரிவுக்கு மாற்றுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

“என்னக்கா, அம்மைத் தழும்பு மாதிரி இத்தனை குழி?”

“குழியில்லடி, மேடு. ஊர் சுத்தின கண்ணுக்கு எல்லாம் பள்ளமாத்தான் தெரியும்.”

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். படத்தோடு வந்த குறிப்பைத் திறந்தாள். வெயில் இடப்பக்கமிருந்து. அம்போ வலப்பக்கம் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் புதுத் திரை வந்தபோது பழையதிலிருந்து அவளே உரித்து அவளே ஒட்டியது.

“அத்தனையும் குழிடி. குழின்னு நான் தள்ளிவிட்டதுலதான் நிஜ மேடு கெடக்கு.”

“யாருக்குக்கா தெரியப்போகுது?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

தலைவர் அறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“மலையைக் கெல்லி எலி பிடிச்சவங்களைப் பாத்திருக்கேன். குழியைத் தூக்கி மலையாக்கினது நீங்கதாம்மா.”

“சிரிச்சுக்கங்க சார். மொதல்லேருந்து பாத்துத் தரேன்.”

“அப்ப மாற்றல்?”

“அது கெடக்கட்டும்.”

திரும்பி வந்து அம்பை உரித்தாள். பசை காய்ந்திருந்தது, டேப் வைத்து இடப்பக்கம் ஒட்டினாள். முதல் படத்தைத் திறந்தாள்.

“டாக்டருக்குப் போன் பண்ணி வேற நாள் கேளுடி.”

பண்ணினேன். “எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்கக்கா.”

அவள் இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுக்கொண்டு அண்ணாந்தபடியே இருந்தாள்.