ஒரு வளைகுடா, இரண்டு பெயர், ஹாஜியாரின் மிளகு

கண்டியில் கடல் இல்லை. ஆனால் கப்பல் பத்திரம் தயாரிக்கும் எங்கள் ஒபிஸில் கடலால் வராத தலைவலி இல்லை. ஏற்றுமதிப் பத்திரங்களோடு மாரடிப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாளடைவில், மின்னஞ்சலில் ஒருவன் வணக்கம் சொன்னால்கூட எதற்குச் சொல்கிறான் என்று யோசிக்கத் தோன்றும்.

சுவரில் மாட்டிய வம்பு

ஈரானுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவே ஒரு வளைகுடா இருக்கிறதல்லவா, அதை ஈரான் கரையில் பாரசீக வளைகுடா என்பார்கள். எதிர்க்கரையில் அரபு வளைகுடா என்பார்கள். மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். எங்கள் வாடிக்கையாளரான பிலிமத்தலாவை ஹாஜியாரிடம் மிளகு வாங்க அரபுக் கரையிலிருந்து வந்தவர், அவரோடு எங்கள் ஒபிஸுக்கும் வந்து, சுவரிலிருந்த உலகப் படத்தில் 'பாரசீக' என்றிருந்ததைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைத் தொடவேயில்லை. அவர் போனதும் முதலாளி அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டினார். ஹாஜியார் சிரித்தார். "கடலுக்குப் பேரே வேணாம் மகள், தண்ணியெண்டு போடுங்க."

திடீர் ரோஷம்

மிளகு கப்பலேறிய பிறகு அதே ஆளிடமிருந்து மின்னஞ்சல்: பத்திரத்தில் பாரசீக வளைகுடா என்றிருக்கிறது, சரக்கை எடுக்க முடியாது. எங்கள் கணினியில் துறைமுகத்தோடு அந்தப் பெயரும் தானாக விழும். முன்பு அவருக்குப் போன பத்திரங்களிலும் அதேதான். அப்போதெல்லாம் ரோஷம் வரவில்லை.

அந்தக் கொன்டெய்னரில் இருந்தது ஹாஜியாரின் ஒரு போக மிளகு முழுவதும். துறைமுக வெயிலில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஹாஜியார் என்னைத் திட்டவில்லை. யாருக்கோ போன் போட்டு விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அங்க மிளகு வெல எறங்கீட்டாம். அவனுக்குப் பேர்ல கோவம் இல்ல மகள், வெலயிலதான் கோவம்."

மனவருத்தத்தின் விலை

நான் விடவில்லை. வளைகுடாவையே எடுத்துவிட்டு, துறைமுகத்தின் பெயரை மட்டும் போட்டுப் புதுப் பத்திரத்தின் நகலை அனுப்பினேன். அரபு என்று ஏன் போடவில்லை என்று கேட்டார். போட்டேன். அப்படியும் மனம் ஆறவில்லையாம். விலையைக் குறைத்தால் ஆறுமாம். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஓம், மனம் புண்பட்டதுக்குக் கிலோவுக்கு எவ்வளவு எண்டு கேளும்."

அக்கரைக்காரர்

ஹாஜியார் அசையவில்லை. ஈரான் கரையில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொன்டெய்னரை அங்கே திருப்பப் போகிறோம் என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: திருப்ப வேண்டாம், பேசிய விலைக்கே எடுக்கிறேன், பழைய பத்திரமே போதும். பாரசீக வளைகுடா என்றிருந்த அதே பத்திரம்!

மிளகு தப்பியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் சந்தேகம் விடுமா? அந்த அக்கரைக்காரர் யார் என்று ஹாஜியாரிடம் கேட்டேன். "ஆளா? கலண்டரத் தூக்கிப் பாருங்க மகள், அங்க கரை மட்டுந்தான் ஈக்கிது, ஆளில்ல."

கலண்டரைக் கழற்றிவிட்டோம், ஆனால் அன்றிலிருந்து ஹாஜியார் சொல்லும் சலாமையும் நான் ஒருமுறை யோசித்துத்தான் வாங்குகிறேன்.