மரணக் கட்டத்தில் ஒரு சைபர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு வாரமாகியும் கை கூசுகிறது.

வாராவாரம் இங்கே வம்பளக்கிற நான், வயிற்றுப்பாட்டுக்குக் குமாஸ்தா என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏழைப் பெண்களுக்கு வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்க்க ஸ்ரீரங்கத்தில் இரண்டு மிட்வைஃப்களை வைத்திருக்கும் சங்கம் ஒன்று. பெயர் வேண்டாம். ஆபீஸ் திருச்சியில். அங்கேதான் எனக்கு நாற்காலி.

ஞாயிறன்று அதன் வருஷக் கூட்டம். செக்ரெடரி ரிப்போர்ட் வாசித்தார். “இந்த வருஷம் நம் மிட்வைஃப்கள் கையில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.” உடனே கரகோஷம். அந்த வாக்கியத்தை டைப் அடித்தவன் நான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை... அதுதான் கஷ்டம்.

விஷயம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. செக்ரெடரி ரிட்டயர்ட் தாசில்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். “யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு டேபிள் போடுங்கள்” என்றார். போட்டேன். பார்த்த பிரசவம், பிழைத்த குழந்தை, இறந்த தாய் — மூன்றே கட்டம். மூன்றாவதற்குச் சிவப்பு மை.

மிட்வைஃப் கமலம் பெயருக்கு நேரே சிவப்பே இல்லை. ஞானம்மாள் பெயருக்கு நேரே நாலு.

ஞானம்மாள் பாலக்கரைக்காரி. நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. சங்கம் கொடுத்த ஒற்றை அறையில்தான் ஜாகை. செக்ரெடரி அவளை ஆபீஸுக்கு வரவழைத்தார்.

“ஏம்மா, உன் கையிலே மட்டும் ஏன் இத்தனை பேர் போயிடறாங்க?”

“என்னைக் கூப்பிடறதே கடைசியிலேதாங்க. தெருவிலே மருத்துவம் பார்க்கிற கிழவிங்க ரெண்டு நாள் பார்த்துட்டுக் கையை விரிச்ச பிறகு ஓடி வராங்க. கமலம் அந்த மாதிரி கேஸுக்குப் போகாது. நான் போறேன். பாதிப் பேர் பிழைக்கிறாங்க, பாதிப் பேர்...”

“அதெல்லாம் டேபிளிலே எழுத இடமில்லையேம்மா.”

இடமா இல்லை? கோடு போட்டவன் நான். ‘கஷ்டமான கேஸ்’ என்று இன்னொரு கட்டம் போட எத்தனை நேரம் ஆகும்? ஸ்கேலும் பென்சிலும் என் முன்னாலேயே இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு சிவப்பு விழுந்தால் வேலை போகும், அறையையும் காலி செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு கடிதம் போயிற்று. அதையும் டைப் அடித்தவன் நான்தான்.

பிறகு போன ஆடி மாதம். மத்தியானம். ரிஜிஸ்தரை வாங்கி வர ஞானம்மாள் அறைக்குப் போயிருந்தேன். வாசலில் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தான். வடக்கு வாசல் பக்கம் பூக் கட்டி விற்கிறவன். அவன் பெண்டாட்டி செண்பகத்துக்கு முந்தின நாளே வலி கண்டுவிட்டது. ஞானம்மாள் பையை எடுத்துக்கொண்டு உடனே போனாள். பக்கத்துத் தெருதான் என்பதால் நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“குழந்தை குறுக்கே கிடக்கு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“நீங்களே பாருங்கம்மா” என்றான் கோவிந்தன். “எங்க அண்ணிக்கு இப்படித்தானே இருந்துது? நீங்கதானே திருப்பி எடுத்தீங்க?”

“அது அப்போ. இப்போ முடியாதுங்க.”

“அவ்வளவு தூரம் தாங்குவாளாம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது? என்னிடம் அனுமதி கேட்டாளா, என்னைக் காறித் துப்பினாளா... இன்றுவரை புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜட்கா வந்தது. செண்பகத்தைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். காவிரிப் பாலத்தில் ஒரு வைக்கோல் வண்டி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. ஆற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கோவிந்தன் மட்டும் “இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் நகரவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் நாடி பார்த்தார். “வரும்போதே உயிர் இல்லை. நாங்க அட்மிட் பண்ண முடியாதுப்பா.” அட்மிட் ஆகாதவள் எப்படி அவர்கள் கணக்கில் இறக்க முடியும்? ஞானம்மாள் கையிலும் அவள் சாகவில்லையே. ஆகவே சாயங்காலம் ஆபீஸில், ‘ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்கள்’ என்று புதிதாகச் சேர்த்திருந்த கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். நீல மையில். அனுப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க எந்தக் கட்டமும் கிடையாது.

ஞாயிறன்று ஞானம்மாளுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றமாம். வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். வெளியே மரத்தடியில் பிடித்தேன்.

“ஞானம்மா, என் மேலே கோபமா?”

“கோபம் என்னங்க சார்?” என்றாள். “இப்பல்லாம் கொஞ்சம் சந்தேகம்னாக்கூட நான் கை வைக்கிறதில்லை. நிம்மதியா இருக்கு.” கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். “வடக்கு வாசல் பக்கந்தான் போறதில்லை. சுத்திப் போறேன்.”

மறுநாள் செக்ரெடரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்து எழுதலாம், கஷ்டமான கேஸைத் தனியாகக் காட்டலாம் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். “பாவம்தான். ஆனால் இப்போதுதான் முதல் தடவையாக சைபர் வந்திருக்கிறது. இப்போது போய் ஏன்?” என்றார். எனக்கும் அதற்கு மேல் பேசத் தைரியம் இல்லை. இங்கே எழுதுவதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இதுவும் செத்தவளுக்கு உதவாத தைரியம்தானே.

செவ்வாய்க்கிழமை லால்குடியிலிருந்து ஒரு கடிதம். அங்கேயும் இதே மாதிரி ஒரு சங்கம் ஆரம்பிக்கிறார்களாம். ஞாயிறு கூட்டத்தில் எங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு அசந்துபோய், டேபிளுக்கு ஒரு காப்பி கேட்டிருந்தார்கள். அனுப்பினேன். செக்ரெடரியிடம் நான் சொன்ன அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் வைத்தேன்.

நேற்று பதில் வந்துவிட்டது. ‘உங்கள் ரிப்போர்ட்டிலேயே இல்லாத கட்டம் எங்களுக்கு மட்டும் எதற்கு?’

நியாயமான கேள்விதான்.