இறங்கினால் கப்பல் வரும்

1981ஆம் ஆண்டு, கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நான் ஒரு கப்பலைத் தொலைத்தேன். குடையைத் தொலைத்தவர்கள், செருப்பைத் தொலைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீச்சல் குளமும் நடன அரங்கமும் நூற்றுக்கணக்கான பயணிகளும் கொண்ட ஒரு வெள்ளைக் கப்பலைத் தொலைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. நான் இரண்டுக்கும் லாயக்கில்லை என்று கங்காணி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டதால், பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே இஸ்திரி போடப் பழகிய கைதான் பினாங்கில் ஆள் எடுத்த ஒரு ஏஜெண்டுக்குப் பிடித்து, என்னை உல்லாசக் கப்பலில் ஏற்றியது. உலகம் சுற்றப் போகிறான் என்று லயமே திரண்டு மாலை போட்டது. மலையில் துவைத்த படுக்கை விரிப்பைக் கடலில் துவைக்கப் போகிறான், அவ்வளவுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "டேய், உனக்கு நீச்சல் தெரியுமாடா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்கு லா? கப்பலுக்குத் தெரியும்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்க வைத்தே வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. அவன் சொல்லாத ஜோக்குக்கு ஊர் சிரித்துவிடக் கூடாது.

இனி, நான் கப்பலைத் தொலைத்ததற்குக் காரணமான தத்துவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கும் ஆளின் கூடை தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வழி தப்பினால் யாரும் பதறுவதில்லை, இறங்கிக்கொண்டே போவார்கள். இறங்கினால் ஓடை வரும். ஓடையோடு போனால் ரோடு வரும், ரோட்டின் முடிவில் தொழிற்சாலை. கிழக்கு மேற்கெல்லாம் பள்ளிக்கூடத்து வாத்தியார் சமாச்சாரம். எங்களுக்கு ஏற்றம், இறக்கம் என்று இரண்டே திசைகள்தான்.

இந்தத் தத்துவம் கடலோர ஊர்களிலும் அற்புதமாக வேலை செய்தது. கப்பல் கரை தொட்டு, எங்களுக்குச் சில மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைத்ததும் நான் செய்யும் முதல் வேலை, கண்ணில் படும் மேட்டில் ஏறுவது. சந்து சந்தாக நுழைவேன், கடைகளை வேடிக்கை பார்ப்பேன், வாங்க மாட்டேன். திரும்பும் நேரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். கடல் வரும், கடலில் கப்பல் நிற்கும். ஹாங்காங்கில் நின்றது, ஜெனோவாவில் நின்றது, நேப்பிள்ஸில் நின்றது. கப்பலில் என்னுடன் இருந்த இன்னொரு தமிழர் பினாங்குக்காரர், சமையல்கட்டில் வேலை. நான் 'அண்ணே' என்பேன். அவர் என்னை 'மலையாடு' என்பார். கரையில் இறங்கினால் அவர் துறைமுக வாசலிலேயே இருக்கும் கடைகளைத் தாண்ட மாட்டார். எல்லா நாட்டிலும் அதே கேசட் ரேடியோவுக்கு விலை பேசுவார்.

அன்றைக்கும் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "டேய் மலையாடு, தனியா சுத்தாதே லா. அஞ்சு மணிக்கு ஏணியைத் தூக்கிடுவான். போன தடவையே சூப்பர்வைசர் கடைசி எச்சரிக்கைன்னு சொல்லிட்டான், ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. இறங்கினா கப்பல் வந்துடும்ணே."

"கப்பல் உனக்காக வருமாக்கும். கப்பலுக்கு வேற வேலை இல்ல."

எச்சரிக்கை உண்மைதான். இன்னொரு முறை பிந்தினால் வேலை போகும். கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், கப்பலில் இருக்கும், நான் கரையில் இருப்பேன். எல்லாவற்றையும்விட, மாலை போட்ட லயத்துக்கு மூன்றாம் மாதமே திரும்பிப் போய், "கப்பலைக் காணோம்" என்று சொல்ல வேண்டிவரும். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா என்ன கேட்பார் என்பதுகூட எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

இருந்தும் ஏறினேன். பிரேயஸில் நல்ல குன்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் வீடுகள், படிக்கட்டுச் சந்துகள், பால்கனிகளில் காயும் துணிகள். சலவைத் தொழிலாளி ஊர் சுற்றப் போனாலும் அடுத்தவர் துணியைத்தான் பார்ப்பான். ஒரு வீட்டில் விரிப்பை அவ்வளவு வெள்ளையாக எப்படித் துவைத்திருக்கிறார்கள் என்று வெகுநேரம் நின்று ஆராய்ந்தேன். பிறகு சந்துகளில் இப்படியும் அப்படியும் வளைந்து சுற்றிவிட்டு, நேரமானதும் வழக்கம்போல இறங்கினேன்.

கடல் வந்தது. கப்பல் இல்லை.

அழகான, வட்டமான ஒரு குட்டித் துறை. மீன்பிடிப் படகுகளும் பாய்மரப் படகுகளும் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் கப்பலின் ஒரு புகைபோக்கிகூட அதற்குள் நுழையாது. கப்பல் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் துறைமுகம் முழுவதையும் ஏன் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கைகளை அகல விரித்துக் காட்டினேன். வாயால் சங்கு ஊதிக் காட்டினேன். அவர் தன் படகைத் தட்டி, இது போதாதா என்பதுபோல் பார்த்தார். அந்த நேரத்தில் உண்மையாகவே சங்கு கேட்டது. எங்கள் கப்பலின் சங்கு. எனக்கு நன்றாகத் தெரிந்த, அடிவயிற்றில் இருந்து வரும் குரல். ஆனால் சத்தம் வந்தது எனக்குப் பின்னால் இருந்து, நான் இறங்கி வந்த குன்றின் பக்கமிருந்து.

தொழிற்சாலைச் சங்கு எங்கள் தோட்டத்தில் எப்போதும் இரண்டு முறை கேட்கும். ஒன்று நிஜம், இன்னொன்று எதிர்மலையில் மோதித் திரும்பும் எதிரொலி. அதைக் கேட்டே வளர்ந்த மூளை உடனே தீர்ப்பு சொல்லிவிட்டது: குன்றிலிருந்து வருவது எதிரொலி, கப்பல் முன்னால் கடலில்தான் எங்கேயோ இருக்கிறது. நான் கரையோரமாக இடப்பக்கம் ஓடினேன். பிறகு வலப்பக்கம் ஓடினேன். இரண்டு பக்கமும் கடல் அதே மாதிரி சும்மா கிடந்தது.

அப்போதுதான் அந்த அம்மா குறுக்கே வந்தார். கறுப்பு உடை, தலையில் கறுப்புத் துணி, என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு. கையில் ஒரு வலைப்பை, அதில் எலுமிச்சம்பழங்களும் ஒரு கோஸும். நான் அவரிடமும் கைகளை விரித்தேன், சங்கு ஊதினேன், அலைமேல் கப்பல் போவதுபோல ஆடிக்கூடக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கடலைக் காட்டி, "ஷிப்? ஷிப்?" என்றேன். அவர் முகவாயை உயர்த்தி 'ப்ச்' என்றார். லயத்தில் கடன் கேட்டுப் போனால் அக்காமார் இல்லை என்பதற்குக் காட்டும் அதே முகம். உடனே என் மணிக்கட்டைப் பிடித்தார். "எலா, எலா" என்று ஏதோ சொல்லிக்கொண்டே இழுத்தார்.

இழுத்தது மேட்டுப் பக்கம்.

என் உடம்பில் இருந்த அத்தனை எலும்பும் எதிர்த்தது. கப்பலைக் கேட்டால் யாராவது மலைக்குக் கூட்டிப் போவார்களா? போலீசில் ஒப்படைக்கப் போகிறார் என்று முடிவு செய்து, கையை உதறிக்கொண்டு கீழே ஓடப் பார்த்தேன். உதறிய வேகத்தில் வலைப்பை அறுந்தது. கோஸ் இரண்டு முறை உருண்டுவிட்டு, யோசித்து நின்றது. எலுமிச்சம்பழங்கள் மட்டும் என்னுடைய தத்துவத்தை முழுதாக நம்பி, சந்தோடு கடலைப் பார்த்து இறங்கிப் போயின.

அவர் போகும் பழங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அவர் அறுந்த பையை ஒரு வீட்டு வாசலில் வைத்தார். இப்போது இரண்டு கைகளும் காலியாகிவிட்டதால், இரண்டு கைகளாலும் என்னைப் பிடித்தார். மறுபடியும் "எலா!"

இந்த முறை நான் உதறவில்லை. துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பிடி அப்படி. படிக்கட்டுப் படிக்கட்டாக அவர் மூச்சு வாங்க வாங்க ஏறினார். மலையில் பிறந்த நான் பின்னால் இழுபட்டேன். நடுவில் ஒரு இடத்தில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். என்னை மட்டும் விடவில்லை. உச்சியில் ஒரு திருப்பம். அங்கே என் முகத்தைத் தன் கையாலேயே திருப்பி, நேராகக் காட்டினார்.

குன்றின் அந்தப் பக்கமும் கடல் இருந்தது. பெரிய துறைமுகம், பாரந்தூக்கிகள், நடுவில் பட்டப்பகலில் வெள்ளையாக, ஒளிவு மறைவே இல்லாமல் எங்கள் கப்பல். புகை கக்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் கடலும் நடுவில் குன்றுமாக இருக்கும் ஊர் அது. எந்தப் பக்கம் இறங்கினாலும் கடல் வரும். கப்பல் ஒரு பக்கம்தான் வரும்.

நன்றியை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோல என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துக் கீழே தள்ளினார். அந்த வேகத்திலேயே பாதித் தூரம் ஓடிவிட்டேன்.

துறைமுகத்துக்குள் நுழைந்தபோது ஏணியின் நடுப்படியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பினாங்கு அண்ணன். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஏணியைத் தூக்க விடாமல் காவலாளியோடு தகராறு செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வார் தானாக ஒட்டிக்கொண்டது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"கப்பலைத் தேடினேன்ணே."

"இத்தா பெரிசா, வெள்ளையா நிக்குது. இதையும் தொலைக்கிறதுன்னா சும்மா இல்ல லா, அதுக்குத் தனித் தெறமை வேணும்" என்றார். அன்றிரவு சமையல்கட்டில் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "அடுப்பு எங்கே, பார்த்தாயா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் சொல்லாத ஜோக்குக்கு ஊர் சிரித்துவிட்டது. வலிக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் வலிக்கவில்லை.

அதற்கு முன், மாலையில் கப்பல் கிளம்பிக் குன்றைச் சுற்றித் திரும்பியபோது, அந்தக் குட்டித் துறை கண்ணுக்குத் தெரிந்தது. அதிலிருந்து மேலே ஏறும் சந்துகளும் தெரிந்தன. அவர் தெரியவில்லை. அந்தத் தூரத்தில் தெரியவும் தெரியாது. திரும்பிப் போய் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கியிருப்பாரா, யார் காலிலாவது மிதிபட்டிருக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஒப்பந்தங்கள் முடித்து மலைக்கே திரும்பிவிட்டேன். இப்போது கியா பார்மில் ரோட்டோரம் கடை. கோஸும் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கிறேன். வழி தப்பிய சுற்றுலாப் பயணிகள் வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்கள். நான் தராசில் போட்ட கோஸை அப்படியே விட்டுவிட்டு, மேட்டுத் திருப்பம் வரைக்கும் அவர்களோடு ஏறிப்போய், பிரிஞ்சாங் டவுன் தெரியும் இடத்தில் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

"கையை நீட்டிக் காட்டினா போதாதா? கடையை விட்டுட்டு அவ்வளவு தூரம் ஏறணுமா?" என்று மனைவி திட்டுவாள். திட்டுவதும் நியாயம்தான், இதில் ஒன்றிரண்டு கோஸ் காணாமலும் போயிருக்கிறது.

கையை நீட்டிக் காட்டினால் அன்றைக்கு எனக்கும் புரிந்திருக்காது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஒரு அம்மா என்னைப் பிடித்து இழுத்ததால்தான் மலைக்கு அந்தப் பக்கமும் கடல் இருப்பது எனக்குத் தெரிந்தது.